கண்ணாடிக்கு அடியில் இருந்த கடிதம்

முப்பத்தோராண்டுகள் இந்தப் பராமரிப்பு இல்லத்தின் சரிபார்ப்பு அலுவலராய் இருந்து பணி நிறைவு பெறும் அம்மையாருக்கு, உடன் உழைத்தோர் வாசித்தளிக்கும் மடல்

மூடி முத்திரையிட்ட உறைகளின் முன்னே முகம் வெளுத்து அமர்ந்தவர்களுக்கு முதலில் தண்ணீர் தந்த தண்ணளியே! சிபாரிசுகள் சூழ்ந்து வந்தபோதும் செவி சாயாத செம்மையே! படுக்கையை விட்டு எழ முடியாதவர்களுக்காக வாசலிலே விழித்திருந்த வைராக்கியமே! பிறர் பிழையைப் பொறுமையாகப் படித்து, தன் பிழையைத் தானே உரக்கப் படித்த பெருந்தகையே! இன்றோடு அந்த நாற்காலியை விட்டு எழுகின்ற எங்கள் அம்மையாரே! வணக்கம்.

உறையைப் பிரிக்கும் முன்பே உள்ளதைச் சொல்லிவிட வேண்டும் என்பது நீங்கள் எங்களைப் பழக்கிய பழக்கம். ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: இந்த மடல் உங்களைப் பாராட்ட மட்டும் எழுதப்பட்டதன்று, உங்களிடமிருந்து ஒரு பொருளைத் திரும்ப வாங்கவும் எழுதப்பட்டது. போன வெள்ளிக்கிழமை மேசையைக் காலி செய்தீர்கள். மைப்பெட்டி, முத்திரைகள், பதிவேடுகள் எல்லாவற்றையும் அடுத்து வருபவருக்கென்று அடுக்கி வைத்தீர்கள். பிறகு மேசைக் கண்ணாடியைத் தூக்கி, அதனடியில் பத்தொன்பது ஆண்டுகளாகக் கிடந்த ஒரு கடிதத்தை மட்டும் எடுத்துக் கைப்பைக்குள் வைத்தீர்கள். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்திருப்பீர்கள். மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு போன நான் பார்த்துவிட்டேன்.

‘நாங்கள்’ என்று தொடங்கிய மடலில் ‘நான்’ எங்கிருந்து வந்தாள் என்று முன்வரிசையில் சக்கர நாற்காலிகளில் இருக்கும் பெரியவர்கள் கேட்கலாம். மேல்மாடிப் படுக்கைப் பிரிவின் மூத்த பராமரிப்பாளர் நான். மழையோ வெயிலோ ஒரே குடையைப் பிடித்துக்கொண்டு வருவதால் ‘பச்சைக்குடை’ என்று எல்லோரும் அழைப்பவள். இதை எழுதும் பொறுப்பை என்னிடம் கொடுத்தபோது கணக்கர் தயங்கினார். “பாராட்டு மடல்னா நாலு நல்ல வார்த்தை, ஒரு வாழ்த்து, அவ்வளவுதானே? பழசையெல்லாம் எதுக்குக் கிளறணும்?” என்றார். தலைமைச் செவிலியர்தான் ஒற்றைக் காலில் நின்றார். “அவ எழுதலைன்னா வேற யார் எழுதினாலும் அது பொய்யா இருக்கும். அவளே எழுதட்டும்” என்று முடித்துவிட்டார். கணக்கர் இப்போதும் உம்மென்றுதான் உட்கார்ந்திருக்கிறார்.

அவர் மனம் குளிர, நாலு நல்ல வார்த்தை முதலில்.

நீண்ட நடையின் கோடியில், துணி அறைக்கு அடுத்து, அவசர ஊர்தி நிற்கும் முற்றத்தைப் பார்த்த ஒற்றை ஜன்னலோடு இருக்கிறது உங்கள் அறை. அதில் இரண்டே நாற்காலிகள். உங்களுடையதற்குக் கைப்பிடி இல்லை. எதிரே இருப்பதற்கு உண்டு. நிர்வாகத்தில் ஒருமுறை, அதிகாரிக்குத்தானே கைப்பிடி வைத்தது வேண்டும் என்று மாற்றிப் போட்டார்கள். மறுநாளே நீங்கள் பழையபடி மாற்றிப் போட்டீர்கள். “பயந்து வர்றவங்களுக்குப் பிடிச்சுக்க ஏதாவது வேணும். எனக்கு எதுக்கு?” என்றீர்கள். செவிலியர், பராமரிப்பாளர், சமையலர், ஓட்டுநர், துப்புரவாளர், நகம் வெட்டிவிட வருபவர் என்று நாலாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அந்தக் கைப்பிடிகளைப் பிடித்திருக்கிறார்கள். மரத்தில் மெருகு தேய்ந்து வெளுத்திருப்பதை யாரும் போய்ப் பார்க்கலாம்.

வேலைக்கு வருபவர்மேல் பழைய வழக்கு உண்டா என்று சொல்லிக் காவல் நிலையத்திலிருந்து வரும் உறையை மேசைமேல் வைப்பீர்கள். எதிரில் இருப்பவர் தண்ணீரைக் குடித்து முடிக்கும்வரை பேச மாட்டீர்கள். பிறகு அந்தக் கேள்வி: “இதைப் பிரிக்கிறதுக்கு முன்னாடி நீங்களா சொல்லணும்னு ஏதாவது இருக்கா?” இந்த அரங்கில் இருக்கும் அத்தனை பணியாளர்களும் பயந்து பயந்து பதில் சொன்ன கேள்வி இது! நம் அவசர ஊர்தி ஓட்டுநர் அன்று பதறிப்போய், “சின்ன வயசுல பக்கத்து வீட்டுக் கோழியைத் திருடிட்டேன்மா” என்று சொல்லி அழுதுவிட்டார். உறையைப் பிரித்தால் கோழியும் இல்லை, ஒன்றும் இல்லை. “அது உங்களுக்கும் அந்தக் கோழிக்கும் உள்ள விஷயம், நாளைக்கு வேலைக்கு வாங்க” என்றீர்கள். அவர் இப்போது சிரிப்பதை நீங்களே பாருங்கள்.

பழைய தவற்றைத் தானாகச் சொன்னவரின் கோப்பை நீங்களே தூக்கிக்கொண்டு தேர்வுக் குழுவின் முன் போய் நிற்பீர்கள். அந்தத் தவறு எவ்வளவு பழையது, எத்தகையது, அதற்குப் பின் அவர் எப்படி வாழ்ந்தார், படுக்கையில் இருப்பவரின் அருகே தனியாக விடலாமா, விடாமல் வேறு வேலை தரலாமா என்று வரி வரியாக வாதிடுவீர்கள். மறைத்தவரிடமோ, தலைகீழாக நின்றாலும் உங்கள் கையெழுத்து கிடைக்காது. உங்களுக்கு நாங்கள் ‘சல்லடை’ என்று பட்டம் வைத்தோம். அது உங்கள் காதுக்கு எட்டாது என்று பல வருடம் நம்பிக்கொண்டிருந்தோம். ஒருநாள் காவலாளி கதவைத் திறக்கத் தாமதித்தபோது, “சல்லடை வந்திருக்கேன், திறப்பா” என்று வெளியிலிருந்து உங்கள் குரல் கேட்டது. அதற்குப் பிறகு ஒரு வாரம் யாரும் உங்கள் முகத்தை ஏறிட்டுப் பார்க்கவில்லை.

அந்தக் கண்டிப்பு ஏன் என்று கேட்டவர்களுக்கு நீங்கள் விளக்கவுரை நிகழ்த்தியதில்லை. புதிதாகச் சேருபவரை மேல்மாடிக்கு அழைத்துப் போய், பேச்சு இழந்து, கை கால் அசையாமல் படுத்திருக்கும் ஒருவரின் அறையில் கால் மணி நேரம் உட்கார வைப்பீர்கள். இவரால் கதவைத் தாழ்போட முடியாது, இவரால் கத்த முடியாது, யார் உள்ளே வரலாம் என்று இவரால் சொல்ல முடியாது, அதைச் சொல்வதற்காகத்தான் கீழே ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள் என்று கதவருகே நின்று சொல்வீர்கள். அப்புறம் உங்கள் பாட்டுக்குப் படியிறங்கிப் போய்விடுவீர்கள்.

நிர்வாகக் குழுத் தலைவராக முன்பு இருந்தவரின் அண்ணன் மகன் உடற்பயிற்சி உதவியாளர் வேலைக்கு வந்தான். நல்ல தோற்றம், நல்ல பேச்சு. கேள்வியைக் கேட்டதும், “என்ன மேடம், என்னைப் போயா?” என்று சிரித்தான். பிரித்தீர்கள். வேறோர் ஊரில், தன் பொறுப்பில் இருந்த முதியவர் ஒருவரைக் கைநீட்டி அடித்ததற்குத் தண்டனை பெற்றவன். தலைவர் தொலைபேசியில் வந்தார். அவர் குரல் துணி அறைவரைக்கும் கேட்டது. “ஒரு சின்ன விஷயத்துக்குப் போய்ப் பையனோட வாழ்க்கையையே கெடுக்கிறீங்களே” என்றார். “சின்ன விஷயம்தான் சார். அடி வாங்கினவருக்கு எண்பத்திரண்டு வயசு” என்று சொல்லிவிட்டு வைத்தீர்கள். அந்த வருடம் உங்களுக்கு வரவேண்டிய பதவி உயர்வு வரவில்லை. நீங்களும் ஏன் என்று கேட்கவில்லை.

கணக்கரே, நல்ல வார்த்தைகள் ஆயிற்று. இனி அந்தக் கடிதம்.

இருபது ஆண்டுகளுக்கு முன்பு இதே இல்லத்தில் பராமரிப்பாளர் வேலைக்கு நான் விண்ணப்பம் கொடுத்தேன். அன்று அந்தக் கேள்வி இல்லை; தண்ணீர்கூட இல்லை. உறை முன்பே பிரிக்கப்பட்டிருந்தது. அதிலிருந்த சீட்டில் என் பெயர், என் பிறந்த தேதி, அதன்கீழே, நோயாளியின் கழுத்துச் சங்கிலியைத் திருடிய குற்றம். என் பெயர் தெருவுக்கு இரண்டு பேருக்கு இருக்கும் பெயர். அந்தப் பிறந்த தேதியோ எனக்கு மட்டும் உரியதன்று. எந்த நாளில் பிறந்தோம் என்று வீட்டில் எழுதி வைக்காத பிள்ளைகளுக்கெல்லாம், பள்ளியில் சேர்க்கும் அன்று ஆசிரியர் ஒரே தேதியைப் போட்டுக் கொடுப்பார். எங்கள் வகுப்பில் பாதிப் பேர் ஒரே நாளில் பிறந்தவர்கள்! கைரேகையை ஒப்பிட்டுப் பார்த்திருந்தால் ஆறு வாரத்தில் உண்மை தெரிந்திருக்கும். ஆனால் ஒருவரை வேலைக்கு எடுப்பதற்குத்தான் கைரேகை தேவை, மறுப்பதற்குப் பெயரும் தேதியும் ஒத்தாலே போதும் என்பது அன்றைய விதி. நீங்கள் விதிப்படி நடந்தீர்கள்.

“நான் இல்லீங்கம்மா. நான் ஒரு குண்டூசியைக்கூட எடுத்ததில்லை” என்றேன்.

“எல்லாரும் இப்படித்தான் சொல்றாங்க. காகிதம் பொய் சொல்லாதும்மா” என்றீர்கள். தலை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

மறுப்புக் கடிதம் வந்தது. அதே செய்தி, வழக்கப்படி, இந்த நகரின் மற்ற நான்கு பராமரிப்பு இல்லங்களுக்கும் போனது. நான்கிலும் கதவு சாத்தியாயிற்று. எனக்குத் தெரிந்த ஒரே தொழில் இது. என் அம்மாவை ஆறு வருடம் படுக்கையில் வைத்துப் பார்த்துக் கற்றுக்கொண்ட தொழில். சலவைக்கூடத்தில் விரிப்புகளுக்கு இஸ்திரி போடப் போனேன். அதையாவது பொறுத்துக்கொண்டேன். ஒருநாள் அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது, ஆறு மாதக் குழந்தையை மடியில் வைத்துக் கொஞ்சிக்கொண்டிருந்தேன். அதன் கழுத்தில் மெல்லிய சங்கிலி ஒன்று இருந்தது. அக்கா சமையலறையிலிருந்து வந்தாள். “பாலுக்கு அழுவான்” என்று சொல்லிக் குழந்தையை என் மடியிலிருந்து மெல்ல வாங்கிக்கொண்டாள். குழந்தை அழவே இல்லை. அன்றோடு அந்த வீட்டுப் படியேறுவதை நிறுத்திவிட்டேன்.

பதினான்கு மாதம் கழித்து, நீங்களே பிறகு எனக்குச் சொன்னபடி, உங்கள் எதிரில் வேறொரு பெண் வந்து உட்கார்ந்தார். அதே பெயர், அதே தேதி. காவல் நிலையத்திலிருந்து வந்த சீட்டிலும் அதே குற்றம், அதே வழக்கு எண். நீங்கள் வாயைத் திறக்கும் முன்பே அவர் தானாகச் சொல்லிவிட்டார்: “ஆமாங்கம்மா, அந்தச் சங்கிலியை எடுத்தது நான்தான். மறைச்சு வேலைக்கு வர எனக்கு இஷ்டமில்லை.” அவரை நீங்கள் எங்கே, எந்த வேலைக்கு அனுப்பினீர்கள் என்பது இன்றுவரை உங்கள் இருவருக்கு மட்டுமே தெரியும். அவர் எழுந்து போன பிறகு பழைய கோப்பை எடுத்து இரண்டு சீட்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தீர்கள். அன்று மதியம் நீங்கள் சாப்பிடவில்லை என்று அந்நாளைய சமையலர் பின்னாளில் எனக்குச் சொன்னார்.

அடுத்த ஏழு ஞாயிற்றுக்கிழமைகள் என்னைத் தேடி அலைந்தீர்கள். விண்ணப்பத்தில் இருந்த முகவரியில் நான் இல்லை. அங்கிருந்தவர் சொன்ன இடத்திலும் இல்லை. எட்டாவது ஞாயிறு சலவைக்கூடத்தின் பின்வாசலில், நீராவிக்குள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஓர் அம்மாள் நின்றார்.

“என்னைத் தெரியுதா?” என்றீர்கள்.

“தெரியாம என்ன? நீங்க அனுப்பின லெட்டர் இன்னும் என்கிட்டதான் இருக்கு.”

“காகிதம் பொய் சொல்லலைம்மா. நான்தான் தப்பாப் படிச்சேன். அந்தச் சீட்டு உன்னோடது இல்லை.”

இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைத்தேன். எனக்கு மூக்குக்குமேல் கோபம் வரும் என்பதை இங்கே எல்லோரும் அறிவார்கள். “இதை என்கிட்ட வந்து சொல்லி என்ன ஆகப்போகுது? நான் திருடலைன்னு எனக்குத் தெரியாதா? போய் எங்க அக்காகிட்ட சொல்லுங்க!” என்று கத்தினேன். விரட்டுவதற்காகத்தான் சொன்னேன். நீங்களோ, “வா, போகலாம்” என்றீர்கள்.

அக்கா வீட்டு வாசலில், அக்கா, அத்தான், எட்டிப் பார்த்த எதிர்வீட்டுக்காரர்கள் அத்தனை பேரும் கேட்கும்படி நின்று சொன்னீர்கள்: “உங்க தங்கச்சி மேல ஒரு தப்பும் இல்லை. தப்பு என் மேல. நான் சரியாப் பார்க்காம எழுதிட்டேன்.”

அத்தான் முறைத்தார். “அதுக்கு இப்ப எங்களை என்ன பண்ணச் சொல்றீங்க?” என்றார்.

“ஒண்ணும் பண்ண வேண்டாம். குழந்தையை அவ கையில குடுங்க, போதும்.”

கொடுத்தார்கள். அதற்குள் குழந்தை நடக்கப் பழகியிருந்தான். என்னை அவனுக்கு அடையாளம் தெரியவில்லை, வீறிட்டு அழுதான். அதைப் பார்த்துவிட்டு நீங்கள் வாசற்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டீர்கள்.

பிறகு அந்த நான்கு இல்லங்களுக்கும் என்னை அழைத்துக்கொண்டு பேருந்தில் போனீர்கள். கடிதம் எழுதினால் போதாதா என்று ஓர் இல்லத்து மேலாளர் கேட்டார். “கடிதத்தாலதான் சார் இவ்வளவும் வந்தது” என்றீர்கள். திரும்பி வந்து விதியை மாற்றச் சொல்லி மேலிடத்தோடு இரண்டு வருடம் மல்லுக்கட்டினீர்கள். இன்று பெயரும் தேதியும் மட்டும் ஒத்திருக்கிறது என்று இந்த நகரில் யாரையும் மறுக்க முடியாது. கைரேகை ஒப்பிட வேண்டும், சம்பந்தப்பட்டவரிடம் நேரில் கேட்க வேண்டும், அவர் சொல்வதை எழுதிக்கொள்ள வேண்டும். மூடிய உறையும், கைப்பிடி நாற்காலியும், தண்ணீரும், அந்தக் கேள்வியும் அதற்குப் பின் வந்தவைதாம். உங்கள் கேள்விக்குப் பயந்த பிள்ளைகளே, அந்தக் கேள்வி உங்களைப் பிடிப்பதற்காகப் பிறந்தது அன்று. உங்களைக் கேட்காமல் விட்டுவிடக்கூடாது என்பதற்காகப் பிறந்தது.

இங்கே வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், நான் அந்த மறுப்புக் கடிதத்தை உங்கள் மேசைமேல் வீசினேன். “இதை நீங்களே வச்சுக்குங்க” என்றேன். நீங்கள் கண்ணாடியைத் தூக்கி, எழுத்து உங்கள் பக்கம் பார்க்க, அதன் அடியில் வைத்தீர்கள். ஒவ்வொரு உறையையும் அந்தக் கடிதத்தின் மேல் வைத்துத்தான் பிரித்தீர்கள். உண்மையைச் சொன்னால், முதல் மூன்று வருடம் அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் திருப்தியாகத்தான் இருந்தது. கிடக்கட்டும், தினம் பார்க்கட்டும் என்று நினைத்தேன். அந்தத் திருப்தி எந்த நாளில் தீர்ந்துபோனது என்று தெரியவில்லை. தீர்ந்த பிறகு அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு வலித்தது. எடுத்துவிடுங்கள் என்று சொல்ல எத்தனையோ தடவை உங்கள் கதவுவரை வந்திருக்கிறேன். மாத்திரைப் பட்டியல் கேட்க வந்ததாகச் சொல்லித் திரும்பியிருக்கிறேன். மாத்திரைப் பட்டியல் உங்களிடம் இருக்காது என்பது நம் இருவருக்கும் தெரியும்.

தப்பு என்று சொன்னீர்கள், திருத்தினீர்கள், ஆனால் மன்னித்துவிடு என்று என்னிடம் நீங்கள் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டால் இவள் இல்லை என்று சொல்ல முடியாமல் போய்விடும், அதனால் கேட்கக்கூடாது என்று இருந்துவிட்டீர்கள். நீங்கள் கேட்கவில்லை என்பதால் நானும் சொல்லவில்லை. என்ன பிடிவாதம் நமக்கு! பத்தொன்பது வருடம் ஒரே கட்டிடத்தில், ஒரே நடையில், ஒருவரையொருவர் தாண்டிப் போய்க்கொண்டிருந்திருக்கிறோம்.

அம்மையாரே! உங்கள் விதிப்படியே, இந்த மடலை வாசிக்கும் முன் உங்களைச் சரிபார்த்துவிட்டோம். பெயரும் தேதியும் போதாது என்று நேரில் போய் விசாரித்தோம். மேல்மாடியில் பேச முடிந்தவர்களைக் கேட்டோம். பேச முடியாதவர்கள் உங்கள் பெயரைச் சொன்னதும் கண் மூடித் திறந்தார்கள். ஓட்டுநரையும் சமையலரையும் காவலாளியையும் கேட்டோம். என் அக்காவையும் கேட்டேன். முடிவு இதோ. பதிவில் உள்ள பிழை: ஒன்று. கேட்கும் முன்பே தானாகச் சொன்னாரா: சொன்னார், ஆறு வாசல்களில் நின்று சொன்னார். பாதிக்கப்பட்டவரின் கூற்று: எழுத்துத் தமிழில் இது எனக்கு வரவில்லை, மன்னிக்கவும். “அம்மா, நான் எப்பவோ மன்னிச்சுட்டேன். சொல்லத்தான் வாய் வரலை.”

ஓய்ந்த கால்கள் உறுதி குன்றாமல், கூர்த்த கண்கள் ஒளி மங்காமல், காகிதங்களைத் தேடாத காலைகளும் கவலைகள் தொடாத மாலைகளுமாய், உற்றாரும் நாங்களும் உடனிருக்க, நீங்கள் நெடுங்காலம் நலமாய் வாழ வேண்டும்! என்றேனும் ஒருநாள் உங்களுக்கே ஒரு கை பிடிக்க ஆள் வேண்டிவந்தால், நீங்கள் சலித்து எடுத்த எங்கள் கைகளில் ஒன்று அதற்கு இருக்கும் என்று உறுதி கூறுகிறோம்.

ஒரே ஒரு நிபந்தனை. சட்டமிட்ட இந்த மடலை வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டுமானால், அந்தக் கடிதத்தை இங்கேயே விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன் என்று கேட்காதீர்கள். அது என் பெயருக்கு வந்த கடிதம், என் இஷ்டம். இரண்டையும் சேர்த்து உங்கள் வீட்டுக்கு அனுப்ப நாங்கள் யாரும் தயாராக இல்லை. சட்டத்தைத் தலைமைச் செவிலியர் பிடித்துக்கொண்டிருக்கிறார். என் இரண்டு கையும் காலியாக இருக்கின்றன.

கைப்பையைத் திறங்கள், அம்மா.

இங்ஙனம்,
உங்கள் கேள்விக்குப் பதில் சொல்லி உள்ளே வந்த இந்த இல்லத்தின் பணியாளர்கள் அனைவரும்,
அவர்களுக்காக, கையை நீட்டிக்கொண்டு நிற்கும்
பச்சைக்குடை